மாவட்டத்துக்கு ஒரு கேன்சர் ஆஸ்பத்திரி கட்டினால் போதுமா?

வாசகர் கேள்வி, 6 ஏப்ரல் 2025

மத்திய பட்ஜெட்டில் மூன்று வருஷத்துக்குள் எல்லா மாவட்ட ஆஸ்பத்திரியிலும் கேன்சருக்குப் பகல்நேரச் சிகிச்சை மையம் என்கிறார்கள், இந்த ஆண்டே 200 மையம். மாநில பட்ஜெட்டில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுத் தடுப்பூசி, அதற்கு 36 கோடி. என்னைக் கேட்டால் மாவட்டத்துக்கு ஒரு பெரிய கேன்சர் ஆஸ்பத்திரி கட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கேம்ப் போட்டு ஸ்கிரீனிங் பண்ணுவதெல்லாம் கணக்குக் காட்டத்தான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

6 ஏப்ரல், இரவு

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கட்டட்டும். ஆனால் நான் பார்த்த பெண்களில் பலர் ஆஸ்பத்திரி இல்லாமல் சாகவில்லை. நோய் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய்விட்டு, சிகிச்சை தொடங்காமலே திரும்பி வந்து செத்தார்கள்.

2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஒரு வருஷத்தில் புதிதாகப் புற்றுநோய் வருகிறவர்கள் 14 லட்சத்துக்கு மேல், இறக்கிறவர்கள் 9 லட்சத்துக்கு மேல். இதில் கர்ப்பப்பை வாய்ப் புற்று மட்டும் சுமார் 1.27 லட்சம் பேருக்கு. கிட்டத்தட்ட 80 ஆயிரம் பேர் அதில் இறக்கிறார்கள். இந்த ஒரு நோயைத்தான் அடுத்தடுத்து எழுதப் போகிறேன். காரணம் இருக்கிறது. இது நோயாக மாறுவதற்கு முன்பு பத்துப் பதினைந்து வருஷம் சும்மா காத்துக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் பிடித்தால் கத்தி வைக்க வேண்டாம், கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைக்க வேண்டாம், ஒரு நாளில் முடிந்துவிடும். இவ்வளவு அவகாசம் கொடுக்கிற நோயிலேயே 80 ஆயிரம் பேரை இழக்கிறோம் என்றால், கோளாறு கட்டடத்தில் இல்லை.

7 ஏப்ரல்

"கர்ப்பப்பை வாய் டெஸ்ட்டில் என்னதான் செய்வீர்கள், பயமாக இருக்கிறது" என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பயப்பட ஒன்றும் இல்லைம்மா. படுக்க வைத்து, கருவியை வைத்துக் கர்ப்பப்பை வாயை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்போம். பஞ்சில் அசிட்டிக் அமிலக் கரைசலை நனைத்துத் தடவுவோம், வினிகரில் இருக்கிற அதே அமிலம்தான். கடிகாரம் பார்த்து ஒரு நிமிஷம் காத்திருப்போம். நல்ல சதை இளஞ்சிவப்பாகவே இருக்கும். மாறத் தொடங்கிய இடம் மட்டும் உப்புப் பூத்தது போல வெள்ளையாகத் தெரியும். வெள்ளை தெரிந்தால் அது புற்று என்று அர்த்தமில்லை, அடுத்து ஒரு கருவியில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். லேசாக எரியும். நாங்கள் கருவியை வெதுவெதுப்பாக்கித்தான் வைப்போம். குளிர்ந்த இரும்பை வைத்தால் அந்தப் பெண் இறுக்கிக்கொள்வாள், ஒன்றும் தெரியாது. இதைப் பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை, கூட வேலை பார்த்த மூத்த அக்கா ஒருவர் சொன்னது.

9 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் "ஸ்கிரீனிங்கால் ஒரு உயிராவது பிழைத்ததா, ஆதாரம் உண்டா" என்று திரும்பக் கேட்டிருக்கிறார். உண்டு சார். அதுவும் எங்கள் மாவட்டத்திலேயே.

2000ல் ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் இருக்கிற கிறிஸ்தவ ஆஸ்பத்திரியும், பிரான்சின் லியோன் நகரில் இருக்கிற உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து தொடங்கிய ஆய்வு. டாக்டர் சங்கரநாராயணன் தலைமை. திண்டுக்கல் மாவட்டத்தில் நூறுக்கு மேற்பட்ட ஊர்த் தொகுதிகளை எடுத்து, 57ல் இந்த அசிட்டிக் அமிலச் சோதனை, மீதியில் வழக்கமான கவனிப்பு மட்டும். 30லிருந்து 59 வயதுப் பெண்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட 49 ஆயிரம் பேரில் 31 ஆயிரம் பேர் வந்தார்கள். ஏழு வருஷம் கழித்துப் பார்த்தபோது, சோதனை நடந்த ஊர்களில் நோய் வருவது 25 சதவீதமும் அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்திருந்தது. 2007ல் லான்செட் இதழில் வந்தது.

என் சப் சென்டர் அதில் இல்லை, ஆனால் அந்த வேலை பார்த்த செவிலியர்களை எனக்குத் தெரியும். மூன்று வாரப் பயிற்சி பெற்ற செவிலியர்கள்தான் பார்த்தார்கள். டாக்டர் வருவார் என்று காத்திருக்கவில்லை. வெள்ளை தெரிந்தால் அங்கேயே பெரிதாக்கிப் பார்த்து, சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, தேவைப்பட்டால் அன்றைக்கே அந்த இடத்தை உறைய வைத்து அழித்துவிட்டார்கள். அந்தப் பெண் பஸ் ஏறி வீட்டுக்குப் போகும்போது சிகிச்சை முடிந்திருந்தது.

எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது அந்த "அன்றைக்கே"தான். பின்னால் அரசு திட்டமாக வந்தபோது வினிகரை எடுத்துக்கொண்டோம், பஞ்சை எடுத்துக்கொண்டோம், ரிஜிஸ்டரும் வந்தது. "அன்றைக்கே" மட்டும் வரவில்லை.

10 ஏப்ரல்

மேலே விட்டுப்போனது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், வாழ்நாளில் ஒரு தடவையாவது கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்துகொண்ட 30லிருந்து 49 வயதுப் பெண்கள் இந்திய அளவில் 100க்கு 2 பேர்கூட இல்லை, 1.9. தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட 10. நாம்தான் முதலிடத்தில். 100க்கு 10ஐ வைத்துக்கொண்டு முதலிடம் என்று மேடையில் பேசுவதைக் கேட்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

13 ஏப்ரல்

"வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார்கள்" என்று எழுதியதை நம்ப முடியவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருத்தர் கதையைச் சொல்கிறேன். பெயர், ஊர் வேண்டாம்.

நாற்பதை ஒட்டிய வயது. ஆடு வைத்திருந்தார், நூறு நாள் வேலைக்கும் போவார். எங்கள் கேம்ப்பில் வெள்ளை தெரிந்தது. கடிதம் எழுதிக் கொடுத்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். விடிகாலை முதல் பஸ்ஸில் போயிருக்கிறார். சீட்டுப் போடுகிற இடத்தில் வரிசை, அங்கிருந்து வேறு பிளாக், அங்கே "இன்றைக்கு அந்த டாக்டர் இல்லை, வியாழக்கிழமை வா". வியாழக்கிழமை போனார், சதை எடுத்தார்கள். "ரிப்போர்ட் வர இரண்டு வாரம் ஆகும்." இரண்டு வாரம் கழித்துப் போனால் ரிப்போர்ட் வரவில்லை. அதற்கடுத்த முறை போனபோது சீட்டு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். பழைய சீட்டைத் தொலைத்துவிட்டார், அது இல்லாமல் தேட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதோடு விட்டுவிட்டார்.

நான் வீட்டுக்குப் போனேன். "நர்சம்மா, எனக்கு ஒண்ணும் வலிக்கலை, நல்லாத்தான இருக்கேன். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகுது. ஆட்டை யார் பாக்குறது? வீட்டுக்காரர் ஊர் சுத்தப் போறியான்னு கேக்குறார்." அவர் சொன்னதில் எதையும் தள்ள முடியாது. வலியே இல்லாத ஒரு நோய்க்கு எத்தனை தடவைதான் பஸ் ஏறுவார்?

இரண்டு வருஷத்துக்குப் பிறகு ரத்தப்போக்கோடு வந்தார். மூன்றாம் நிலை. கரண்ட் வைத்தார்கள், கொஞ்ச காலம் இருந்தார்.

என் ரிஜிஸ்டரில் அவர் பெயருக்கு நேரே "பரிசோதனை செய்யப்பட்டது" என்ற கட்டத்தில் டிக் இருந்தது. "மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டது" என்ற கட்டத்திலும் டிக் இருந்தது. "போய்ச் சேர்ந்தாரா, சிகிச்சை முடிந்ததா" என்று கேட்கிற கட்டமே அந்த ரிஜிஸ்டரில் கிடையாது. மாதாந்திரக் கூட்டத்தில் அந்த இரண்டு டிக்கையும் கூட்டித்தான் நாங்கள் கணக்குச் சொன்னோம். கணக்குக் காட்டத்தான் கேம்ப் என்று கேள்வி கேட்டவர் கோபப்படுவதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

14 ஏப்ரல்

மருத்துவம் படிக்கிற தம்பி ஒருவர், "மகாராஷ்டிரா உஸ்மானாபாத்தில் இதே அசிட்டிக் அமிலச் சோதனையால் இறப்பு குறையவில்லையே, 2009 ஆய்வைப் பார்க்கவில்லையா" என்கிறார். சரியான கேள்வி, நானும் இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன்.

அந்த ஆய்வும் டாக்டர் சங்கரநாராயணன் நடத்தியதுதான். அதில் இந்த நோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனையை ஒரே ஒரு தடவை செய்த ஊர்களில் மட்டும் இறப்பு ஏறக்குறைய பாதியானது. அசிட்டிக் அமிலம் தடவிய ஊர்களில் சொல்லும்படியான குறைவு இல்லை. மும்பைக் குடிசைப் பகுதிகளில் அடிப்படைப் படிப்பு மட்டுமே உள்ள பெண்களைப் பயிற்சி கொடுத்துப் பார்க்க வைத்தபோது 31 சதவீதம் குறைந்தது. ஒரே சோதனை, மூன்று இடத்தில் மூன்று விடை.

என் அனுபவத்தில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. இது கண்ணால் பார்க்கிற சோதனை. ஒரு நாளில் பத்துப் பேரைப் பார்க்கிற கண்ணும், கேம்ப்பில் மத்தியானத்துக்குள் அறுபது பேரை முடிக்கச் சொன்ன கண்ணும் ஒன்றாக இருக்காது. கரண்ட் போய் டார்ச் வெளிச்சத்தில் பார்த்த நாட்களும் உண்டு. வைரஸ் சோதனையில் இந்தத் தொல்லை குறைவு. அதைவிட முக்கியம், பெண்களே பஞ்சுக்குச்சியால் தாங்களாக மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். படுக்க மாட்டேன், ஆடையை விலக்க மாட்டேன் என்று கேம்ப்பில் இருந்து எழுந்து போன பெண்களை நினைத்துப் பார்க்கிறேன், அவர்களில் பாதிப் பேராவது இதற்குச் சம்மதித்திருப்பார்கள். நாடு போக வேண்டிய வழி அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அதிலும் ரிப்போர்ட் வர நாள் ஆகும். "வியாழக்கிழமை வா" அங்கேயும் காத்திருக்கிறது.

19 ஏப்ரல்

ஆண்களைப் பற்றி ஒரு வரி இல்லையே என்று கேட்டிருந்தார்கள். 2016ல் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டுதலில் 30லிருந்து 65 வயதுவரை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மூன்று இடம் பார்க்கச் சொல்கிறது: பெண்களுக்கு மார்பகம், கர்ப்பப்பை வாய். ஆண், பெண் இருவருக்கும் வாய்.

வாய்க்குக் கருவியே வேண்டாம். டார்ச் போதும். வாயைத் திறந்து உங்கள் விரல் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி உள்ளே விட்டுப் பாருங்கள். நுழையவில்லை என்றால் கன்னத்துச் சதை இறுகத் தொடங்கியிருக்கலாம். பாக்கு போடுகிறவர்களுக்கு வருகிற கோளாறு, பின்னால் புற்றாகலாம். கட்டட வேலைக்கு வந்த பையன்களிடம் இதைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். இருபது வயதுப் பையனுக்கு இரண்டு விரல்தான் நுழைந்தது. "காரம் சாப்பிட்டா எரியுதுக்கா, அதான் சோறும் தயிரும்" என்றான். அவன் அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசினேன். பல் டாக்டரிடம் போனான் என்று பிறகு தெரிந்தது.

குட்கா 2013லிருந்து தமிழ்நாட்டில் தடை. தடை செய்த சரக்கு கடையில் எங்கே தொங்குகிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். திருவனந்தபுரத்தில் நடந்த பெரிய ஆய்வில், புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களின் வாயை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சும்மா பார்த்ததற்கே வாய்ப்புற்று இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. டார்ச்சுக்கு என்ன விலை?

27 ஏப்ரல்

தடுப்பூசிக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் சூடாகப் பேசியிருக்கிறீர்கள்.

ஒரு அண்ணன், "ஆந்திராவில் இந்த ஊசி போட்டுப் பிள்ளைகள் செத்தார்கள், மறைக்காதீர்கள்" என்கிறார். மறைக்கவில்லை. 2009ல் கம்மம் பகுதியிலும் குஜராத்திலும் ஆய்வுக்காகப் போட்டார்கள். சில பிள்ளைகள் இறந்தார்கள், 2010ல் நிறுத்தப்பட்டது. விசாரணையில் அந்த இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் இன்னொன்று வெளியே வந்தது: விடுதிப் பிள்ளைகளுக்குப் பெற்றோரைக் கேட்காமல் வார்டன்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாடாளுமன்றக் குழு 2013ல் கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்ல ஊசிதான். கேட்காமல் போட்டதால் நாட்டில் இந்தத் தடுப்பூசியே பல வருஷம் பின்தங்கியது. அந்த நேரத்தில் 14 வயதில் இருந்த பிள்ளைகளுக்கு இப்போது முப்பதை ஒட்டிய வயது. அவர்கள் ஊசி இல்லாமலே சோதனை வயதுக்கு வந்துவிட்டார்கள். சிக்கிம் 2018லேயே மாநிலம் முழுக்கப் போட்டுவிட்டது.

இப்போது புனேயில் தயாராகிற நம் நாட்டுத் தடுப்பூசியே 2023லிருந்து விற்பனைக்கு வந்துவிட்டது. ஒரு டோஸே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022ல் சொல்லிவிட்டது. 14 வயதுப் பிள்ளைகளுக்கு என்று மாநிலம் அறிவித்ததை முழு மனசோடு வரவேற்கிறேன். என்னுடைய ஒரே வேண்டுகோள், அம்மாக்களைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்துப் பேசிவிட்டு, அவர்கள் கையெழுத்தோடு போடுங்கள். கூட்டத்துக்கு வருகிற அந்த அம்மாக்களுக்கு வயது முப்பத்தைந்து, நாற்பது இருக்கும். அவர்களுக்குத்தான் சோதனை. ஒரே நாளில் பிள்ளைக்கு ஊசியும் அம்மாவுக்குப் பஞ்சுக்குச்சியும் கொடுக்கலாமே.

இந்த ஊசியின் பலன் தெரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை இப்போது நாற்பதில் இருக்கிறவர்களை ஊசி காப்பாற்றாது.

28 ஏப்ரல்

ஆமாம், ஊசி போட்டவர்களும் 30க்குப் பிறகு சோதனை செய்துகொள்ள வேண்டும்.

4 மே

கேள்வி கேட்டவர் மறுபடியும் வந்திருக்கிறார்: "சரி, கட்டடம் வேண்டாம் என்றால் அரசாங்கம் எதைத்தான் அளக்க வேண்டும்?"

அளவு ஏற்கெனவே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020ல் அறிவித்து, 2030க்குள் எட்டச் சொன்ன 90-70-90. 15 வயதுக்குள் 100க்கு 90 பெண் பிள்ளைகளுக்கு ஊசி. 35 வயதிலும் 45 வயதிலும் நல்ல தரமான சோதனை 100க்கு 70 பெண்களுக்கு. நோய் தெரிந்தவர்களில் 100க்கு 90 பேருக்குச் சிகிச்சை. முதல் இரண்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். கடைசி 90ஐப் பற்றி எந்த ஆய்வுக் கூட்டத்திலும் என்னிடம் யாரும் கேட்டதில்லை.

2023 நவம்பரில் ஈரோடு, திருப்பூர், கன்னியாகுமரி, ராணிப்பேட்டை நான்கு மாவட்டத்தில் வீடுவீடாக அழைப்புக் கொடுத்துச் சோதனைக்கு வரவைக்கிற திட்டம் தொடங்கினார்கள். கேம்ப்புக்கு யார் வந்தாலும் பார்ப்பது என்றில்லாமல், ஊரில் யார் வரவில்லை என்பதும் பட்டியலில் தெரியும். இதுதான் சரியான ஆரம்பம். அந்தப் பட்டியல் சிகிச்சை முடிகிறவரை நீள வேண்டும். பாசிட்டிவ் வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு செவிலியரின் பெயர் எழுதியிருக்க வேண்டும்: இவரைக் கூட்டிப்போவது இவர் பொறுப்பு, இத்தனை நாளுக்குள். பிரசவத்துக்கு இதைச் செய்தோமே! எட்டாம் மாதத்தில் யார் வீட்டில் யார், எந்தத் தேதி, எந்த ஆஸ்பத்திரி என்று எங்களுக்கு மனப்பாடம். பிரசவ மரணம் ஒன்று நடந்தால் கலெக்டர் வரை கூப்பிட்டு விசாரிப்பார்கள். பாசிட்டிவ் என்று தெரிந்து சிகிச்சைக்குப் போகாமல் ஒரு பெண் இறந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை. அதையும் அப்படி விசாரித்தால் மூன்றே வருஷத்தில் எல்லாம் மாறும், இதை நான் அடித்துச் சொல்வேன்.

11 மே

"முதல்வர் காப்பீட்டில்தான் எல்லாம் இலவசமே, பிறகு ஏன் போகாமல் இருக்கிறார்கள்?"

வருஷ வருமானம் 1,20,000க்குள் இருக்கிற குடும்பத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு. பெரிய விஷயம், இதனால் பிழைத்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்று முற்றிவிட்டால் வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம் கரண்ட் வைக்க வேண்டும், கூடவே வாரம் ஒரு கீமோ, அது முடிந்து உள்ளே வைக்கிற கரண்ட். எங்கள் ஊர்ப் பெண் மதுரையில் ஒரு மாசத்துக்கு மேல் தங்க வேண்டும். எங்கே தங்குவார்? துணைக்கு யார்? துணைக்கு வருகிறவரின் கூலி? காப்பீட்டில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை. பாதியில் நின்றுபோனவர்கள் பெரும்பாலும் இந்த ஐந்து வாரத்துக்குள்தான் நின்றார்கள்.

அதனால் பகல்நேர மையங்கள் வருவது கீமோவுக்கு நிச்சயம் உதவும், வீட்டுப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு சாயங்காலம் திரும்பலாம். கரண்டுக்கு அது உதவாது. அதற்குத் தங்குமிடமும் சாப்பாடும் படிக்காசும் வேண்டும். காசநோய்க்காரர்களுக்குச் சத்துணவுக்கென்று மாதாமாதம் பணம் போகிறதல்லவா, அதைப் போல.

சென்னை நண்பர் ஒருவர் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதியது இங்கே பொருந்தும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954ல் குடிசைகளில், 12 படுக்கையோடு தொடங்கியது அந்த ஆஸ்பத்திரி. டாக்டர் சாந்தா 1955ல் சேர்ந்து 2021ல் இறக்கும்வரை அங்கேயேதான் இருந்தார். அங்கே போய்வந்த எங்கள் ஊர் அம்மா ஒருவர் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அடுத்து எங்க போகணும், யாரைப் பாக்கணும்னு ஒரு புள்ள கூடவே வந்து சொல்லுச்சு" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

12 மே

ரயில் சலுகை கேட்டவருக்கு: சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ போகிற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் முழு இலவசம். துணைக்குப் போகிற ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம் தள்ளுபடி. ரயில்வே படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக் கொடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.

25 மே

சில நாளாக எழுத முடியவில்லை. சொந்தத்தில் ஒரு மரணம், இதே நோய்.

அதனால் வலியைப் பற்றி எழுதுகிறேன். காப்பாற்ற முடியாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்ட பிறகு என்ன என்று எந்தத் திட்டமும் முதலில் பேசுவதில்லை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு அபின் விளைகிற நாடு இது. அதிலிருந்து எடுக்கிற மார்ஃபின் மாத்திரை விலை மலிவு. 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகள் அதை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. 2014ல் சட்டத்தைத் திருத்தி வழியைச் சுலபமாக்கினார்கள், பயம் மட்டும் போகவில்லை. கேரளம் 2008லேயே வலிநிவாரணக் கவனிப்புக்குத் தனிக் கொள்கை கொண்டுவந்து, ஊர்க்காரர்களையே பயிற்சி கொடுத்து வீட்டுக்கு வீடு அனுப்பியது. இங்கே மக்களைத் தேடி மருத்துவம் 2021ல் வந்த பிறகு வட்டாரத்துக்கு ஒரு செவிலியர் படுக்கையில் இருக்கிறவர்களைப் பார்க்க வருகிறார். அந்தச் செவிலியரின் பையில் மார்ஃபின் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டில் கடைசி வாரத்தில் மார்ஃபின் கிடைத்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, மலச்சிக்கல் வராமல் இருக்கக் கூடவே ஒரு மாத்திரை. முதல் நாள் ராத்திரி தூங்கினார். மறுநாள் காலையில் எழுந்து காபி கேட்டார், பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசினார். அதற்கு முந்தைய இரண்டு மாதமும் அவர் அப்படி இருந்திருக்கலாம். அதுதான் எனக்கு ஆறவில்லை.

26 மே

"அடிமையாகிவிடுவார்களே" என்று கேட்டவருக்கு: புற்றுநோய் வலிக்கு டாக்டர் அளந்து கொடுக்கும்போது அந்தப் பயம் தேவையில்லை. வலியோடு விடுவதற்கு அதைக் காரணமாகச் சொல்லாதீர்கள்.

1 ஜூன்

நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: அம்மாவுக்கு கேம்ப்பில் பாசிட்டிவ் என்று சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அம்மா அழுதுகொண்டே இருக்கிறார், என்ன செய்வது?

தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: இந்தச் சீட்டு வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் புற்று இருப்பதில்லை. பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். சீட்டை உடனே போனில் படம் எடுத்து வையுங்கள், இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள். காப்பீட்டு அட்டை, ரேஷன் அட்டை, ஆதார் மூன்றும் ஒரே கவரில். உங்கள் ஊர்ச் செவிலியரின் நம்பர் வாங்கி, பெரிதாக்கிப் பார்க்கிற டாக்டர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுவிட்டுப் போங்கள், கேட்காமல் போகாதீர்கள். மாதவிலக்கு நிற்காதவர் என்றால் அந்த நாட்களைத் தவிர்த்துப் போகலாம். சதை எடுத்தால், ரிப்போர்ட் எந்தத் தேதி, எந்த அறை, யாரிடம் என்று சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள்.

நீங்களே கூடப் போங்கள். லீவு கிடைக்காவிட்டால் அக்காவையோ சித்தியையோ அனுப்புங்கள், அம்மாவைத் தனியாக அனுப்ப வேண்டாம். போய்விட்டு வந்து இங்கே எழுதுங்கள், ரிப்போர்ட் புரியாவிட்டால் கேளுங்கள்.